அக்கா பிள்ளை என்னிடம் மட்டும் சொன்ன விஷயம்: அக்காவிடம் சொல்லலாமா?

முத்தியால்பேட்டை சித்தி
சனி, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. 16 வயது, பிளஸ் ஒன். காலாண்டு லீவுக்கு புதுச்சேரியில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. 'பிள்ளை' என்றே எழுதுகிறேன். ஏன் என்று படித்தால் புரியும்.

வியாழக்கிழமை சாயந்திரம் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தோம். ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் காலாற நடக்கலாம். காந்தி சிலையைத் தாண்டிப் பாறை மேல் உட்கார்ந்து மாங்காய் பத்தை தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று பிள்ளை சொன்னது: "சித்தி, ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை மடிச்சு ரிப்பன் கட்டுறப்ப, கண்ணாடியில வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. தினமும்."

முடி பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸில் கூட வருகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னது. அந்தப் பெண் இதற்கு சீட் பிடித்து வைப்பாளாம். ஒரு நாள் பஸ்ஸில் நெரிசல். பிள்ளை முன்னால் நின்று கையை ஊன்றி அவளுக்கு இடம் விட்டிருக்கிறது. இறங்கும்போது அவள், "நீ இருந்தா பயமே இல்லடா" என்றாளாம்.

"அந்த 'டா'வை ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன் சித்தி. எனக்குப் புடிச்சது அவளையா, இல்ல அந்த 'டா'வையான்னு தெரியல."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தூக்கம் இல்லை. இதற்கு என்ன பெயர்? டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமா? அக்காவிடம் மறைப்பது துரோகம் இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்வேலி அப்பா
சனி, இரவு 11:20

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கும் அதே வயதில் மகள் இருக்கிறாள். என் தங்கை இப்படி ஒன்றைத் தெரிந்துகொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்தால் என் மனசு உடைந்துபோகும். பெற்றவளுக்குத் தெரியாமல் என்ன ரகசியம்?

இந்த வயதில் ஆயிரம் குழப்பம் வரும். போனில் பார்ப்பதெல்லாம் மண்டையில் ஏறும். படிப்பில் கவனம் திரும்பினால் தானாக அடங்கும். நாளைக்கே உங்கள் அக்காவுக்குப் போன் போடுங்கள்.

உப்பங்காற்று
ஞாயிறு, அதிகாலை 1:05

சித்தி, முதலில் ஒரு கேள்வி. இங்கே எழுதப் பிள்ளையிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் நாளைக் காலையில் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே ஒருவரை நம்பிச் சொன்ன பிள்ளைக்கு, அந்த ஒருவர் மேல் இருக்கும் நம்பிக்கைதான் இப்போது கைப்பிடி.

நான் கடலூர் முதுநகர். வயது 29. திருநம்பி. பெண் குழந்தை என்று பெயர் வைத்து வளர்த்தார்கள், ஆணாக வாழ்கிறேன். நான் பத்தாவது படித்தபோது என்னைச் சொல்ல என்னிடமே ஒரு சொல் கிடையாது. சித்திரை வந்தால் பேப்பரில் கூவாகம் திருவிழாப் படங்கள் வரும், அதனால் திருநங்கை என்ற சொல் தெரியும். அந்தப் படங்களில் என்னைப் போன்ற ஒரு முகம் கிடையாது. 'திருநம்பி' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு 20 வயது. அன்றைக்கு அந்தச் சொல்லை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன்.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். தோழியிடம் சொன்னேன். அவள் என் நல்லதுக்கென்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் என்னிடம் இரண்டு கேள்விகூடக் கேட்கவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்து, "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். அந்த மாத்திரையில் ஒரு வருடம் வகுப்பில் தூங்கி வழிந்தேன். யாருமே கெட்டவர்கள் இல்லை. ஒருவர் கைமாற்றி இன்னொருவருக்குக் கொடுத்ததில், கடைசியில் என் கையில் எதுவும் மிச்சமில்லை.

காப்பாற்றியது என் அண்ணன். முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போனேன், "பொம்பளப் புள்ளைக்கு வெட்டமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் முக்காலி போட்டான். கழுத்தைச் சுற்றி தினத்தாளைச் சுற்றினான். அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் வெட்டினான். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். அப்படியே அசிங்கமாக இருந்தது. நான் அழுததைப் பார்த்துப் பயந்துபோய், "கடையில சரி பண்ணிக்கலாம், அழாத" என்றான். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அக்காவிடம் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். பிள்ளை சொல்லும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். நெய்வேலி அப்பா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 'எனக்கு ஏன் தெரியவில்லை' என்பது பெற்றோரின் வலி. அதைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

கிளிஞ்சல்
ஞாயிறு, காலை 7:31

அந்த 'டா' வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கேட்டது மிகச் சரியான கேள்வி. பெரியவர்களே அதை இவ்வளவு தெளிவாகக் கேட்கமாட்டார்கள்.

எனக்கு இப்போது 20. லாஸ்பேட்டை. 14 வயதில் நான் ஒரு பையன்தான் என்று உறுதியாக நம்பினேன். காரணம், வகுப்பில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணைப் பிடிக்கிறது என்றால் நான் பையனாகத்தானே இருக்கணும்? நான் பார்த்த கேட்ட கதைகள் அத்தனையும் அதைத்தான் சொல்லின. முடியை வெட்டினேன், அண்ணன் சட்டையைப் போட்டேன். பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாடா ராசா" என்று சோறு போட்டார். இரண்டு வருடம் கழித்து மெல்லத் தெளிந்தது. நான் பெண்தான். எனக்குப் பிடிப்பதும் பெண்களைத்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் யார் என்பது ஒன்று, யாரைப் பிடிக்கிறது என்பது வேறு ஒன்று. திருநம்பிகளில் பெண்களை விரும்புகிறவர்கள் உண்டு, ஆண்களை விரும்புகிறவர்களும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதைக் கணக்குப் போட முடியாது.

ஒரு வேண்டுகோள். என் கதையை எடுத்துக்கொண்டு "பார், இவளுக்கு மாறிடுச்சு, உனக்கும் மாறும்" என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். பாட்டி தடுக்காமல் விட்டதால்தான் நான் போய்ப் பார்த்துவிட்டு வர முடிந்தது. தடுத்திருந்தால் அந்த வாசலிலேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன். உப்பங்காற்று அண்ணாவும் அதே வழியில்தான் போனார், போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். இரண்டும் சரி.

இரவுப் பணி
ஞாயிறு, காலை 9:14

நான் புதுச்சேரியில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் கேள்விக்கு மட்டும் பதில்.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (ஐசிடி-11) பாலின அடையாளம் சார்ந்த நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அதை ஏற்றது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தன்பாலீர்ப்பை அதற்கு வெகுநாள் முன்பே, 1990 மே 17 அன்று, நீக்கிவிட்டார்கள்.

"மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தார். வீட்டை விட்டு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதியே அப்படி உட்கார்ந்தார் என்றால் நாமும் உட்காரலாம். அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் உண்டு. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

ஆனால் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒதுங்கினால், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போல் பேசினால், அதற்குக் கட்டாயம் உதவி வேண்டும். அடையாளத்தை மாற்ற அல்ல, அந்தப் பாரத்தை இறக்க. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

பெயர் வைக்க அவசரம் வேண்டாம். இப்போது பிள்ளை கேட்பது முடி, உடுப்பு, கூப்பிடும் விதம். எல்லாம் நாளைக்கே திருப்பிக்கொள்ளக் கூடியவை.

முத்தியால்பேட்டை சித்தி
ஞாயிறு, மதியம் 2:40

காலையில் பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். கை நடுங்கியது எனக்கு. முதலில் முகம் சுருங்கியது. "என்னக் கேட்டிருக்கலாம்ல" என்றது. மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "இருக்கட்டும் சித்தி. பேரு, ஸ்கூலு மட்டும் எழுதாதீங்க. அந்த மொட்டைமாடி அண்ணன் கதைய மூணு தடவ படிச்சேன்" என்றது.

இன்னொன்று. இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். துணி மடிக்கும்போது பையில் முழங்காலுக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ் இரண்டு சுருள் இருந்தது. மார்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறதாம். பி.டி. பீரியடில் மூச்சு முட்டியிருக்கிறது. இது ஆபத்தா?

இரவுப் பணி
ஞாயிறு, மதியம் 3:02

ஆமாம், ஆபத்து. திட்டாமல் சொல்லுங்கள். அந்தப் பேண்டேஜ் சுளுக்குக்கு, அசையாமல் இருக்கும் மூட்டுக்குச் சுற்றுவது. மூச்சு விடும்போது மார்பு விரியவேண்டும். இது விரிய விடாமல் இன்னும் இறுகும். விலா எலும்பு வலிக்கும், தோல் புண்ணாகும், நுரையீரல் முழுதாக விரியாது. சுற்றிக்கொண்டு ஓடவே கூடாது, தூங்கவே கூடாது.

உடனே பிடுங்கிவிடாதீர்கள். பதிலுக்கு ஒன்று கொடுங்கள். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா, அதற்கு மேல் ஒரு தடித்த பனியன், கொஞ்சம் தளர்வான சட்டை. இதுவே நிறைய வித்தியாசம் காட்டும். வலியோ மூச்சிரைப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கெடிலக்கரை
ஞாயிறு, மாலை 5:48

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். 33 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சித்தி 'பிள்ளை சொன்னது, வந்தது' என்று எழுதியதைக் கவனித்தேன். நம் மொழியின் அமைப்பைப் பாருங்கள். 'நான் வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'நீ வந்தாய்' என்பதிலும் இல்லை. இந்தி பேசுகிறவர் 'நான் போகிறேன்' என்று சொன்னாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. தன்மையிலும் முன்னிலையிலும் வினைமுற்று பால் காட்டாது. வந்தான், வந்தாள் என்று பிரிவது படர்க்கையில் மட்டும். அதாவது, ஒருவரைப் பற்றி வேறு ஒருவரிடம் பேசும்போது.

பாறை மேல் உட்கார்ந்து நீங்களும் பிள்ளையும் பேசிய வரைக்கும் இலக்கணத்துக்கு அதில் வேலையே இல்லை. அக்காவிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்த கணத்தில்தான் 'ஆன்' விகுதியா 'ஆள்' விகுதியா என்ற கேள்வி எழுகிறது. அதனால் பிள்ளையோடு பேசுங்கள், பிள்ளையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முன்னிலையில் ஒரே ஒரு இடத்தில் பேச்சுவழக்கு பாலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. டா, டி. அந்தப் பெண் சொன்ன ஒரு எழுத்து இரவெல்லாம் தூங்கவிடாததில் எனக்கு வியப்பே இல்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே 'ஆண்மை திரிந்த' பெயர்களை, அதாவது ஆண்தன்மையிலிருந்து விலகியவர்களைக் குறிக்கும் பெயர்களைப் பேசுகிறார். அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈற்றையே பெறுவார்கள் என்கிறார். அந்த நூற்பாவை நான் எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறேன். அதே வகுப்பில், கொஞ்சம் மெல்ல நடந்த ஒரு பையனை மற்றவர்கள் 'ஒம்போது' என்று கூப்பிட்டார்கள். எனக்குக் காதில் விழுந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வரவில்லை. நூற்பா இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே என்று தெரியாது.

பண்ருட்டி அம்மா
ஞாயிறு, இரவு 8:25

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். எனக்கு எழுத வராது, பேசுவது போலத்தான் எழுதுகிறேன்.

என் மகள் திருநங்கை. அப்போது அவளை மகன் என்று நினைத்திருந்தேன். 17 வயதில், டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. இரண்டு பொட்டு மட்டும் எடுத்திருந்தாள். அதை அடுப்பில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிளாஸ்டிக் உருகுகிற நாற்றம் இப்பவும் மூக்கில் இருக்கிறது. மறுநாள் காலையில் பாய் காலியாக இருந்தது.

ஆறு வருடம். சித்திரையில் உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துக்குப் போய்த் தேடினேன். அத்தனை பேர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியை அறுத்து வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "யாரத் தேடுறம்மா" என்று ஒருத்தி கேட்டாள். "என் பையனை" என்றேன். "பையனத் தேடுனா எப்பிடிம்மா கெடைக்கும்?" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னாள்.

அடுத்த வருடம் "என் மகள்" என்று சொல்லிக் கேட்டேன். விழுப்புரத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. இப்போது மாதம் ஒரு முறை வருகிறாள். பலாப்பழ சீசனில் இரண்டு முறை.

சித்தி, உங்கள் அக்காவும் என்னைப் போலத்தான் முதலில் பயப்படுவாள். அவள் அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். அதுபோதும்.

நெய்வேலி அப்பா
ஞாயிறு, இரவு 9:50

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு எல்லாம் ஒத்துவந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைப் பிள்ளைதான் சொல்லவேண்டும், அதற்கு நேரம் கொடுக்கவேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பண்ருட்டி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் அறைக்குப் போய், "உனக்கு எங்ககிட்ட சொல்ல முடியாதது ஏதாவது இருந்தா யார்கிட்ட சொல்லுவ?" என்று கேட்டேன். "அத்தைகிட்ட" என்றாள். அத்தை என்றால் என் தங்கை. கொஞ்சம் வலித்தது. ஆனால் ஒரு ஆள் இருக்கிறாள் என்று நிம்மதியாகவும் இருந்தது.

முத்தியால்பேட்டை சித்தி
செவ்வாய், இரவு 9:15

லீவு முடிந்து இன்றைக்குப் பிள்ளை ஊருக்குக் கிளம்பியது. நேற்று நேரு வீதியில் இரவுப் பணி சொன்னபடியே வாங்கினோம். இரண்டு சுருள் பேண்டேஜையும் தானாகவே என் கையில் கொடுத்தது. "சித்தப்பாவுக்கு முட்டி வலிக்குதுல்ல, அவருக்கு வச்சுக்கோங்க" என்றது.

கெடிலக்கரை ஐயா எழுதியதைப் பற்றித்தான் நிறைய பேசினோம். "உன்னப் பத்திப் பேசறப்ப நான் எப்படிச் சொல்லட்டும்? வந்தான்னா, வந்தாள்னா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தது. "இப்போதைக்கு ரெண்டும் வேணாம் சித்தி. நீங்க எழுதுற மாதிரியே இருக்கட்டும். மாத்தணும்னா நானே சொல்றேன்."

பஸ் தோழியைப் பற்றியும் கேட்டேன். அவளையா, 'டா'வையா? "ரெண்டும்தான் போல" என்று சொல்லிவிட்டுக் காது சிவந்தது. அவளிடம் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லையாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தால் போதுமாம். எனக்கு என் பதினாறாம் வயது ஞாபகம் வந்தது.

அக்காவிடம் முதலில் முடி வெட்டுவதைப் பற்றி மட்டும் கேட்பதாக முடிவு. தீபாவளிக்கு நான் மஞ்சக்குப்பம் போகும்போது, நானும் பக்கத்தில் இருக்கும்போது.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா போன் செய்தாள். பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா எடுத்த எடுப்பில், "புள்ள சாப்பிட்டுச்சா? பஸ் ஏறிடுச்சா?" என்றாள்.

பதினாறு வருடமாக அவள் அப்படித்தான் கேட்கிறாள். நான் இன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஏறிடுச்சுக்கா," என்றேன். "சாப்பிட்டுச்சு."